ஏரிக்கரைக்கு ஒரே நம்பர்

எனக்கு டைப்பிங் வேகம். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே இல்லை. உத்திரமேரூருக்குப் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கம்ப்யூட்டரில் பதிவு போடும் ஒப்பந்த வேலை எனக்கு. ஊரில் 'கம்ப்யூட்டர்காரம்மா' என்பார்கள். டாக்டர், சிஸ்டர், லேப் ஆள், மருந்து கொடுப்பவர் என்று மரியாதை இறங்கிக்கொண்டே வந்து என்னிடம் வருவதற்குள் தீர்ந்துவிடும். கொரோனா இரண்டாவது அலையில்தான் அந்த வரிசை கொஞ்சம் கலைந்தது. யார் வீட்டில் இருக்கலாம், யாரைக் கவனிப்பு மையத்துக்கு அனுப்ப வேண்டும், யாரை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்ற வேண்டும் என்று பிரித்துச் சொல்ல எங்களுக்கு ஒரு தொடுதிரை டேப் கொடுத்தார்கள். அந்த டேப் என் கையில் இருந்தது. அதுவரை என்னைப் பேர் சொல்லிக்கூடக் கூப்பிடாத மருந்துக்காரர், "மேடம், எங்க சித்தப்பாவுக்கு இன்னா கலர் வந்துச்சு?" என்று கேட்டார். அந்த 'மேடம்' என் காதில் இன்னும் இருக்கிறது.

வேலை இதுதான். சிஸ்டர் ஒவ்வொருவர் விரலிலும் கிளிப்பை மாட்டி ஆக்சிஜன் அளவு பார்ப்பார். காய்ச்சல் எவ்வளவு, நாடி எவ்வளவு, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று அவர் சொல்லச் சொல்ல நான் தட்டுவேன். வயது, சர்க்கரை, பிரஷர் எல்லாம் கேட்டுத் தட்டிக் கடைசிப் பொத்தானை அழுத்தினால், திரை முழுக்க ஒரு நிறம் வரும். பச்சை என்றால் வீட்டிலேயே இருக்கலாம். மஞ்சள் என்றால் கவனிப்பு மையம். சிவப்பு என்றால் ஆம்புலன்ஸ். நாங்கள் யாருக்கும் போன் போட வேண்டியதில்லை. அரை மணிக்கு ஒரு தடவை பட்டியல் தானாகவே வட்டார சுகாதார அலுவலகத்துக்குப் போகும், அதைப் பார்த்து அவர்கள் வண்டி அனுப்புவார்கள்.

நிறம் வந்ததும் நான் டேப்பைத் திருப்பி, வந்தவர்களுக்கே காட்டிவிடுவேன். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஆஸ்பத்திரி என்றதும் ஆளாளுக்குச் சண்டைக்கு வருவார்கள். 'நான் சொல்லல, மிஷின் சொல்லுது, நீயே பாரு' என்று காட்டினால் வாயடைத்துவிடும். ஒரு ஆளுக்கு ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ள மாட்டேன். பக்கத்து நிலையத்தில் ஒரு நாளில் முடிப்பதை நான் மதியத்துக்குள் முடித்துவிடுவேன். டாக்டரம்மா ஒருமுறை எல்லோர் முன்னாலும், "உங்க வேகம் இல்லன்னா நாம முழுகியிருப்போம்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். உள்ளுக்குள் குளிர்ந்து போயிருந்தது.

அந்தத் திமிரோடுதான் ஏரிக்கரைக்குப் போனேன்.

எங்கள் ஊர் ஏரிக்கரையின் கடைசியில் இருளர் குடியிருப்பு இருக்கிறது. இருபது வீடு இருக்கும். எங்கள் வயலில் களை எடுப்பவர்கள், நாற்று நடுபவர்கள், சவுக்கு வெட்டப் போகிறவர்கள் எல்லோரும் அங்கேதான். என்னைவிடப் பெரியவர்களாக இருந்தாலும் அவர்களை 'வா, போ' என்றுதான் எங்கள் வீடுகளில் கூப்பிடுவோம். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். பால்வாடி வாசலில் மேசை போட்டு, காலை ஒன்பதரைக்கு நானும் சிஸ்டரும் உட்கார்ந்தோம். முதல் ஆளிடமே வேலை நின்றது.

"போன் நம்பர் சொல்லு."

"நம்பர்லாம் இல்லமா."

போன் நம்பர் போடாமல் டேப் அடுத்த பக்கத்துக்கு நகராது. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். அக்னி நட்சத்திர வெயில், முகத்தில் இரண்டு மாஸ்க், எதிரில் நீளமான வரிசை.

"இன்னாய்யா பேஜாராப் போச்சு! எதுனா ஒரு நம்பர் சொல்லு. நம்பர் இல்லன்னா உனுக்கு மருந்தும் இல்ல, மாத்திரையும் இல்ல" என்று கத்தினேன்.

வரிசையில் கொஞ்ச நேரம் முணுமுணுப்பு. பிறகு கடைசியில் நின்ற சவுக்கு மேஸ்திரி தன் போனைத் தூக்கிக் காட்டி நம்பரைச் சொன்னார். குடியிருப்பில் வேலை செய்கிற போன் அது ஒன்றுதான். வேலைக்குக் கூப்பிடுவதும் அதில்தான், சாவுச் சேதி வருவதும் அதில்தான். யாருக்கு வந்தாலும் மேஸ்திரி வெளியே வந்து பேர் சொல்லிக் கூப்பிடுவார். அவர்களைப் பொறுத்தவரை அது எல்லோருடைய நம்பர். அப்புறம் ஒருவர் விடாமல் அந்த நம்பரையே சொன்னார்கள். எனக்கும் சௌகரியமாக இருந்தது.

இரண்டாவது ஆளிலிருந்து டேப் ஒரு கேள்வி கேட்டது: 'இந்த எண் ஏற்கெனவே உள்ளது. விவரத்தைப் புதுப்பிக்கவா?' ஊருக்குள் ஒரே ஆள் இரண்டாம் தடவை சோதனைக்கு வரும்போது இதே கேள்வி வரும். 'ஆம்' என்று அழுத்துவோம். எங்கள் பக்கத்து வீடுகளில் ஆளுக்கு ஒரு போன் இருப்பதால் வேறு எதற்கும் அந்தக் கேள்வி வந்ததே இல்லை. என் கட்டைவிரல் நான் யோசிப்பதற்கு முன்பே 'ஆம்' என்று அழுத்தப் பழகியிருந்தது. அன்றைக்கு வரிசை முழுக்க அழுத்தியது.

வரிசையில் நாலாவதோ ஐந்தாவதோ ஒரு பெண் வந்தாள். என் வயதுதான் இருக்கும், எங்கள் வயலில் களை எடுத்துப் பார்த்த முகம். தானே நடந்து வந்து, தானே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மூச்சு வாங்குகிறது என்று அவளாகச் சொல்லவே இல்லை. கிளிப்பை மாட்டிய சிஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எம்பத்தி ரெண்டு" என்றார். திரை சிவப்பாகியது. திருப்பிக் காட்டினேன்.

"பாரு, செவப்பு. வண்டி வரும். துணிமணி எடுத்துக்கினு ரோட்டாண்ட போய் ஒக்காரு. எங்கயும் போவாத, இன்னா?"

அவள் தலையாட்டிவிட்டு எழுந்து போனாள். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

பதினொரு மணிக்குள் முடித்துவிட்டு நாங்கள் நிலையத்துக்குத் திரும்பினோம். மதியம் மூன்றரைக்கு வேலை முடிந்து, டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் வீட்டுக்குக் கிளம்பினேன். என் வழி ஏரிக்கரை ரோடுதான். ரோட்டில் பாதிக்கு வைக்கோல் காயப் போட்டிருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கம், மதகுக் கட்டையில், கொஞ்சூண்டு புங்க நிழலில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். மடியில் துணிப்பை. அவள் புருஷன் துண்டால் விசிறிக்கொண்டிருந்தான்.

வண்டியை நிறுத்தினேன். "இன்னா இது, இன்னும் போவலியா?"

"வண்டி வர்லமா" என்றான் அவன்.

"எப்போல்ருந்து கீறீங்க இங்க?"

"நீ சொன்னியே, அப்பத்ல இருந்து."

"ஒரு வார்த்த வந்து கேக்கக் கூடாதா? எம்மாம் நேரமாச்சு!"

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். உதடு கருநீலமாக இருந்தது. "நீ... எங்கயும்... போவாதன்னியேமா" என்றாள். மூன்று மூச்சில் சொன்னாள்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "கேட்டா நீ கத்துவன்னுதான் வர்ல" என்றான்.

பையிலிருந்து டேப்பை எடுத்து மேஸ்திரியின் நம்பரைப் போட்டுத் தேடினேன். ஒரே ஒரு பதிவு வந்தது. வரிசையில் கடைசியாக நின்ற மேஸ்திரி, பச்சை. அவருக்கு முன்னால் நின்ற அத்தனை பேரும் ஒருவர் மேல் ஒருவராக எழுதப்பட்டு அழிந்து போயிருந்தார்கள். காலையில் இவள் சிவப்பு ஐந்து நிமிடம்கூடப் பட்டியலில் இருந்திருக்காது. அதை அழித்தது மிஷின் இல்லை. ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டுத்தான் அழித்தது. நான்தான் 'ஆம்' என்றேன்.

அப்போதே வட்டாரத்துக்குப் போன் போட்டேன். வண்டி வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். அதற்குமேல் நிற்கவில்லை. காலி மூட்டைகளோடு வந்த லோடு ஆட்டோவுக்கு முன்னால் நடு ரோட்டில் கையை விரித்துக்கொண்டு நின்றேன். டிரைவர் அவளைப் பார்த்ததும் பின்வாங்கினான்.

"கொரோனா கேஸ்லாம் என்னால ஏத்த முடியாதுக்கா."

டேப்பை அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன். "ஏத்தலன்னா உன் வண்டி நம்பர இதுல ஏத்துவேன். அப்பறம் நீயாச்சு, கலெக்டராச்சு."

டேப்பில் அப்படி ஒரு வசதி கிடையாது. எந்தக் கலெக்டரும் என்னைப் பார்த்ததும் கிடையாது. ஆனால் அவன் பயந்து ஏற்றிக்கொண்டான். உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். அங்கிருந்து அன்று சாயங்காலமே செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களிலேயே அதுதான் உருப்படியான பொய்.

ஆட்டோ கிளம்பியதும் மதகுக் கட்டையில் உட்கார்ந்து டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். "தப்பு என்னுதுதான் டாக்டர், நான்தான் அழுத்தினேன்" என்று முழுக்கச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர், "அதை அப்புறம் பேசலாம். வேற யாருக்கு மஞ்சள் வந்துச்சு?" என்றார்.

எனக்கு ஞாபகம் இல்லை. வேகமாகத் தட்டியதில் ஒரு முகமும் மனசில் நிற்கவில்லை. இரண்டு மூன்று மஞ்சள் வந்தது தெரியும், யார் என்று தெரியாது. சிஸ்டருக்குப் போன் போட்டுக் கேட்டால், அந்த வாரத்தில் அவருக்கு அது நான்காவது முகாம், அவருக்கும் முகங்கள் குழம்பியிருந்தன.

ஸ்கூட்டியைத் திருப்பி நேரே குடியிருப்புக்குப் போனேன். பால்வாடி வாசலில் நின்று, வெட்கத்தை விட்டு, "காலைல போட்டது எல்லாம் அழிஞ்சி போச்சு. யாருக்கு இன்னா கலர் வந்துச்சுன்னு எனக்குத் தெர்ல" என்றேன்.

ஒரு பாட்டியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அழிஞ்சா இன்னா? எங்களுக்குத் தெரியாதா? நீ தான் ஆளாளுக்குத் திருப்பித் திருப்பிக் காட்டினியே" என்றார்.

அப்புறம் அவர்கள் செய்ததை நான் இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். யாரும் சொல்லாமலேயே, காலையில் நின்ற அதே வரிசையில், இடம் விட்டு நின்றார்கள். அந்தப் பெண்ணின் இடத்தைக் காலியாக விட்டார்கள். ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

"நானு பச்ச."

"நானும் பச்ச. என் பொண்ணு பச்ச."

"எனுக்கு மஞ்சமா. ரெண்டு நாளா வாய் கசக்குது."

"எனுக்குப் பின்னாடி நின்னாரே, அவுரும் மஞ்ச. வண்டி வர்லன்னு சவுக்கு வெட்டப் போய்ட்டாரு."

யாராவது தடுமாறினால் முன்னால் நின்றவரும் பின்னால் நின்றவரும் எடுத்துக் கொடுத்தார்கள். அங்கே எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மூன்றோ நாலோ பேர்தான். ஆனால் என் டேப்பில் இல்லாத பட்டியல் அந்தத் தெருவில் முழுசாக நின்றுகொண்டிருந்தது. சிஸ்டரை வரவழைத்து எல்லோருக்கும் திரும்பக் கிளிப் மாட்டிப் பார்த்தோம். சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. சவுக்குத் தோப்புக்குப் போனவரை மேஸ்திரியே ஓடிப் போய்க் கூட்டி வந்தார். அவருக்கு அதற்குள் மஞ்சள் சிவப்பை எட்டிப் பார்க்கும் நிலை. இந்தத் தடவை போன் போட்டுச் சொல்லி, வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும்வரை நான் அங்கிருந்து நகரவில்லை.

ஆனால் டேப்பில் திரும்பப் பதிய வேண்டுமே. ஆளுக்கு ஒரு நம்பர் வேண்டும். பொய் நம்பர் போட முடியாது. வீட்டில் இருப்பவர்களுக்குத் தினமும் ஒரு போன் வரும், எப்படி இருக்கிறது என்று கேட்டு நிறத்தை மாற்றுவார்கள். ஆஸ்பத்திரியில் இருப்பவர்களைப் பற்றியும் அதே நம்பருக்குத்தான் சொல்வார்கள். பேசுவதற்கு ஒரு ஆள் வேண்டும், கேட்டதைப் போய்ச் சொல்லவும் வேண்டும். என் நம்பரை ஒருவருக்குப் போட்டேன். என் புருஷன் நம்பரை ஒருவருக்கு, மைத்துனர் நம்பரை ஒருவருக்கு, என் தங்கை நம்பரை ஒருவருக்கு. சிஸ்டர் தன் வீட்டு நம்பர்களைக் கொடுத்தார். டாக்டரம்மாகூட ஒரு நம்பர் கொடுத்தார், மீதிக்கு நிலையத்தில் வேலை செய்கிறவர்களிடம் கேட்டு வாங்கினேன். செங்கல்பட்டுக்குப் போன அந்தப் பெண்ணுக்கு, எங்கள் வீட்டில் எந்நேரமும் போனை எடுக்கிற ஆள் என் மாமியார் ஒருவர்தான் என்பதால், அவர் நம்பரைப் போட்டேன்.

என் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிலம் வைத்து, ஆள் வைத்து வேலை வாங்கிய கை. களை எடுக்க வருகிறவர்கள் மாட்டுக் கொட்டகையைத் தாண்டி உள்ளே வந்ததை நான் பார்த்ததில்லை. அவரிடம் சொல்லாமல் அவர் நம்பரை எடுத்துக் கொடுத்ததற்கு என்ன தைரியம் வேண்டும் என்பது எங்கள் வீட்டுக்காரர்களுக்குத்தான் தெரியும்.

மறுநாள் காலை அவருக்குப் போன் வந்திருக்கிறது. "அம்மா, பேஷண்டுக்கு ஆக்சிஜன் எம்பத்தெட்டு, சாப்பாடு இறங்கல" என்று சொன்னதும், "எனுக்கு இன்னாடா கேடு? இப்பத்தான் நாஷ்டா துண்ணுட்டு ஒக்காந்துகினு கீறேன்" என்று கத்தியிருக்கிறார். சாயங்காலம் நான் வீட்டுக்குள் காலை வைப்பதற்குள் பிடித்துக்கொண்டார்.

"களை புடுங்கறவளுக்கு என் நம்பரா? உனுக்கு இன்னா புத்தி கெட்டுப் போச்சா?"

"அத்தை, அவ பொழைக்கிறாளா இல்லயான்னு சொல்றதுக்கு ஒரு நம்பர் வோணும். நான் பண்ண தப்புல அவ வெயில்ல ஒக்காந்து செத்திருப்பா" என்றேன். எனக்கும் குரல் உயர்ந்துவிட்டது. அதன்பிறகு அவர் நம்பரை மாற்றச் சொல்லவில்லை.

அன்றைக்கே அந்தப் பெண்ணின் புருஷன் எங்கள் தெருமுனைக்கு வந்து வேப்பமரத்தடியில் நின்றான். சேதி எங்கே வரும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். மாமியார் வாசலில் நின்றபடி, "எம்பத்தெட்டாம்! கஞ்சி எறங்கலியாம்!" என்று சத்தம் போட்டுச் சொன்னார். அவன் அங்கிருந்தே கும்பிட்டுவிட்டுப் போனான். நோய்க்காக விட்ட தூரம் இல்லை அது, எப்போதும் இருக்கிற தூரம்தான்.

அப்புறம் இது தினமும் நடந்தது. நாலைந்து நாளில் மாமியார் போன் வருவதற்கு முன்பே அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். கேட்டதை மட்டும் வாங்கிக்கொள்ளாமல் எதிர்க் கேள்வி போட்டார். "நேத்து தொண்ணூறுன்னீங்க, இன்னிக்கு இன்னாத்துக்குக் கொறஞ்சிது? குப்புறப் படுக்க வெச்சீங்களா?" அளவு எண்பத்தொன்றுக்கு இறங்கிய நாளில், போனை வைத்த பிறகு மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை என்று என் புருஷன் சொன்னார். அன்று சாயங்காலம் வேப்பமரத்தடியில் நின்றவனுக்கு அந்த அளவைச் சத்தமாகச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மாஸ்க்கை இழுத்துவிட்டுக்கொண்டு, தெருமுனை வரைக்கும் நடந்து போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

என் மாமியார் அடியோடு மாறிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படியெல்லாம் இல்லை. மாட்டுக் கொட்டகை இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதைப் பற்றி எங்களுக்குள் இன்னும் சண்டை நடக்கிறது. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஒரு காலையில் நான் வேறு ஊர் முகாமில் இருந்தேன். இப்போதெல்லாம் நம்பரைக் கேட்பதற்கு முன்னால் பேரைக் கேட்டு, முகத்தைப் பார்த்து, அப்புறம்தான் தட்டுகிறேன். வேகம் பாதியாகிவிட்டது, அதற்கும் எனக்குக் கூச்சம் இல்லை. என் மைத்துனர் போன் செய்தார். அந்தப் பெண்ணை அனுப்புகிறார்கள், யாராவது வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று அம்மாவுக்குப் போன் வந்ததாம். அவளுடைய புருஷன் செங்கல் சூளை வேலைக்குப் போயிருந்தான், அவனுக்குச் சொல்ல வழியில்லை. "காரை எடுடா" என்று மாமியார் கிளம்பிவிட்டாராம். இப்போது செங்கல்பட்டில்தான் இருக்கிறோம் என்றார்.

"அங்க இன்னா ஆச்சு, தெரியுமா அண்ணி?" என்று சிரித்தார். படிவம் எழுதுகிற ஆள் மாமியாரையும் அந்தப் பெண்ணையும் மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறான். ஒருத்தி கழுத்தில் கெட்டிச் சங்கிலி, ஒருத்தி கழுத்தில் மஞ்சள் கயிறு. "நீங்க இவங்களுக்கு என்ன உறவும்மா?" என்று கேட்டிருக்கிறான்.

மாமியார் பேனாவை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு சொன்னாராம்:

"நம்பர் என்னுது. இத்தினி நாளா அவளுக்கு மூச்சு எவ்ளோன்னு கேட்டுக்கினு கீறது நானு. எங்க கையெய்த்து போடணும், அத்தச் சொல்லு."